பழைய ஹைப்ரிட் எஸ்யூவியின் பின்புற சஸ்பென்ஷனில் துரு: கண்டறியும் முறையும் சீர்செய்யும் முறையும்

12 அல்லது 15 ஆண்டுகள் ஓடிய ஹைப்ரிட் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கவலையில்தான் இருக்கிறார்கள்: பேட்டரி இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்? கவலை நியாயமானதே. ஆனால் குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் இடங்களிலும், உப்புக்காற்று ஓயாமல் வீசும் கடலோரங்களிலும், வண்டியின் ஆயுளை முடித்துவைப்பது பல நேரம் பேட்டரி அன்று. பின்சக்கரங்களை வண்டியோடு பிணைத்து வைத்திருக்கும் இரும்புத் துண்டுகளும் அவை பொருந்தும் இடங்களும்தான். பேட்டரி தேய்ந்தால் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம். சஸ்பென்ஷன் ஆர்ம் எனப்படும் அந்த இரும்புத் துண்டு வந்து பொருந்தும் பாடியின் இரும்பு உள்ளுக்குள் உளுத்துப்போனால் அத்தனை எளிதில் மீள முடியாது. ஆகவே, பழைய ஹைப்ரிட் வண்டிக்குப் பெரிய செலவு எதையும் செய்வதற்கு முன்னால் அதன் பின்பக்க அடிப்பகுதியைத் தீர ஆராய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது, என்ன கண்டால் என்ன முடிவெடுப்பது, எதை நாமே செய்யலாம், எதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

துரு ஏன் பின்பக்கத்தை முதலில் பிடிக்கிறது

முன்சக்கரங்கள் வாரி இறைக்கும் உப்புநீரும் சேறும் நேராகப் பின்பக்க ஆர்ம்களிலும், அவற்றைத் தாங்கிப் பாடியோடு இணைக்கும் சட்டமான சப்ஃபிரேமிலும் போய் அப்புகின்றன. முன்பக்கத்திலாவது என்ஜினின் வெப்பம் ஈரத்தை ஓரளவு உலர்த்தும். பழைய வண்டியாக இருந்தால் லேசான ஆயில் கசிவே இரும்பின் மேல் ஒரு காப்புப் படலமாகிவிடும். பின்பக்கத்துக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. நீரின் மின்கடத்தும் திறனை உயர்த்தி, இரும்பு ஆக்சைடாக மாறும் வினையை விரைவுபடுத்துகிறது. சாலைகளில் பயன்படும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்பவை. எனவே மழையோ பனியோ இல்லாத நாளிலும் அந்தப் படலம் ஈரமாகவே இருக்கும். உப்பு அப்பிய வண்டியைக் கதகதப்பான கராஜில் நிறுத்தினால், உறைகுளிரில் வெளியே நிற்பதைவிட விரைவாகத் துருப்பிடிப்பதற்குக் காரணமும் இதுதான்: வெப்பம் கூடக்கூட வினையின் வேகமும் கூடுகிறது.

சப்ஃபிரேமும் பல வண்டிகளின் கீழ் ஆர்ம்களும், அழுத்தி வடிவமைத்த இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து பெட்டி போல் ஆக்கியவை. உள்ளே புகுந்த நீர் வெளியேற அடியில் சிறிய துளைகள் விட்டிருப்பார்கள். சேறு அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கி, பெயின்ட் சரியாகப் பிடிக்காத உட்சுவரை அரிக்கத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கும்; உள்ளே தகட்டின் தடிமன் பாதியாகக் குறைந்திருக்கும். துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைப்பதால், இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு உப்பிப் பிளந்திருந்தால் உள்ளே வெகுகாலமாகவே அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஹைப்ரிட் வண்டிகளுக்கென்று சில தனிக் காரணங்களும் உண்டு. உயர்மின்னழுத்த பேட்டரி பெரும்பாலும் பின் இருக்கைக்கு அடியிலோ டிக்கித் தரைக்கு அடியிலோ இருப்பதால், பின்பக்கம் சுமக்கும் எடை கூடுதல். சில வண்டிகளின் நான்குசக்கர இயக்க வகையில் பின்அச்சுக்கென்றே தனியான மின்மோட்டாரும் இருக்கிறது. டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட், லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இந்த மோட்டார் வேகமெடுக்கும்போது சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. காலை எடுத்தவுடன் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. ஆர்ம்களும் அவற்றின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களும் நாள்முழுவதும் இப்படி முன்னும் பின்னும் மாறி மாறி வரும் விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஃபோர்டு எஸ்கேப் ஹைப்ரிட்டில் பின்மோட்டார் கிடையாது. அதன் நான்குசக்கர வகையில் முன்பக்கத்திலிருந்து வரும் ஷாஃப்ட்தான் பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அடியில் கைவைக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பதிவான இரண்டு ரீகால்கள்

இந்தக் கோளாறு கற்பனையன்று என்பதற்கு இரண்டு பெரிய ரீகால்கள் (குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே பழுதுபார்க்கத் திரும்ப அழைப்பது) சான்று. முதலாவது 2012-இல் அமெரிக்காவில் டொயோட்டா அறிவித்தது. 2006 முதல் 2011-இன் தொடக்கம் வரையிலான ராவ்4 எஸ்யூவிகளும், 2010-ஆம் ஆண்டின் லெக்சஸ் எச்எஸ் 250எச் ஹைப்ரிட் கார்களுமாக ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் அடங்கின. பின்சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் ஆர்மின் லாக்நட்டுகளை (சரிசெய்த நிலை நகராமல் பூட்டும் நட்டுகளை) அலைன்மெண்ட், அதாவது சக்கரக் கோணச் சீரமைப்பு, செய்பவர் உரிய அளவுக்கு இறுக்காமல் விட்டால், மரையில் ஆட்டம் ஏற்பட்டு, அந்த இடைவெளியில் துரு பிடித்து, மரை தேய்ந்து, கடைசியில் ஆர்மே பிரிந்துவிடக்கூடும் என்பதே குறை. 2013-இல் அதே வண்டிகளை மீண்டும் ஒருமுறை அழைக்க வேண்டி வந்தது.

இரண்டாவது, 2023-இல் ஹோண்டா 2007 முதல் 2011 வரையிலான சிஆர்-வி வண்டிகளுக்காக அறிவித்தது. உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களைச் சேர்ந்த 5,60,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் இருந்தன. அங்கே துரு பிடித்தது ஆர்மில் அன்று. பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீண்டு பாடியோடு சேரும் ஆர்ம்) பொருந்தும் பாடி ஃபிரேமில். அந்த இரும்பு உளுத்துவிட்டால் ஆர்ம் கழன்று, ஓட்டுநரின் கட்டுப்பாட்டை வண்டி மீறிவிடும்.

சிஆர்-வியின் அந்தத் தலைமுறை ஹைப்ரிட் அன்று என்பது உண்மையே. ஆனாலும் இந்த இரண்டு நிகழ்வுகளும் சேர்ந்து நாம் தேட வேண்டிய இரண்டு வேறுபட்ட கோளாறுகளைத் தெளிவாகக் காட்டுகின்றன: ஒன்று கழற்றி மாற்றக்கூடிய உறுப்பில் வரும் துரு, மற்றது அந்த உறுப்பைத் தாங்கும் பாடியில் வரும் துரு. இனிவரும் ஆய்வு முழுவதும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு, நிறைவேற்றப்படாத ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்தப் பழுதுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஓட்டும்போதே தெரியும் அறிகுறிகள்

ஹைப்ரிட் வண்டியில் சஸ்பென்ஷன் சத்தத்தைக் கேட்பது எளிது. என்ஜின் ஓயும் மின்மோட்டார் நிலையில், வெறிச்சோடிய இடத்தில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு வேகத்தடையின் மேல் மெல்ல ஏறி இறங்குங்கள். புஷ் காய்ந்திருந்தால் கிறீச்சென்ற ஒலி வரும். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் தளர்ந்திருந்தாலோ உலோகத்தோடு உலோகம் மோதும் 'டக்' என்ற ஒலி கேட்கும். அடுத்ததாக, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்திக் காலை எடுங்கள், மீண்டும் அழுத்துங்கள். பின்மோட்டார் உள்ள வண்டியில் விசையின் திசை மாறும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து ஒரு மொத்தென்ற அடி கேட்டால், புஷ்ஷோ அதைப் பிடித்திருக்கும் போல்ட்டோ சப்ஃபிரேம் மவுண்ட்டோ ஆடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை அசைக்காமலே வண்டியின் பின்பகுதி தானாகத் திரும்புவது போன்ற உணர்வு இவை எல்லாவற்றையும்விட அபாயகரமானது. பின்சக்கரத்தின் டோ கோணத்தை (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவை) பிடித்து வைக்கும் லிங்க் தளர்ந்திருப்பதற்கு இது அடையாளம். இந்த உணர்வு ஒருமுறை வந்துவிட்டாலே நெடுஞ்சாலைக்கு அந்த வண்டியைக் கொண்டுபோகக் கூடாது.

நிறுத்தியிருக்கும்போது பார்க்க வேண்டியவை எளியவை. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். தெளிவான வேறுபாடு இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் அல்லது ஸ்பிரிங் அமரும் இடம் உள்ளே இறங்கியிருக்கலாம். டயரின் பின்விளிம்புக்கும் சக்கர வளைவுக்கும் உள்ள இடைவெளியையும் இரு பக்கம் ஒப்பிடுங்கள். டிரெய்லிங் ஆர்ம் பொருந்தும் இடம் விட்டுக்கொடுத்திருந்தால் சக்கரம் பின்னோக்கி நகர்ந்திருக்கும். டயரின் உட்புற ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது அலைன்மெண்ட் குறையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருமுறை சரிசெய்த அலைன்மெண்ட் சில மாதங்களிலேயே மீண்டும் கெடுமானால், காரணம் துருப்பிடித்த மரையிலோ நெகிழ்ந்த மவுண்ட்டிலோ இருக்கிறது. அப்போது மறுபடியும் அலைன்மெண்ட் செய்வது வீண்.

அடியில் போகும் முன்

வண்டியை முழுவதுமாக அணைத்து, டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரியவில்லை என்பதை உறுதிசெய்துவிட்டு, சாவியை வண்டியிலிருந்து தொலைவில் வையுங்கள். ஹைப்ரிட் வண்டி சத்தமில்லாமல் நிற்பதால் அணைந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. 'ரெடி' நிலையில் என்ஜின் எந்த நேரமும் தானாகக் கிளம்பும்.

ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயர்மின்னழுத்தக் கேபிள்கள். பின்மோட்டார் உள்ள வண்டியில் அவை சப்ஃபிரேமுக்கு மிக அருகிலேயே ஓடும். கண்ணால் பார்ப்பதற்கும் ஆர்ம்களைத் தட்டிப் பார்ப்பதற்கும் தடையில்லை. ஆனால் அந்தக் கேபிள்களையோ அவற்றின் கனெக்டர்களையோ தொடுவதோ, அசைப்பதோ, அருகில் சுத்தியல் வீசுவதோ கூடாது. சப்ஃபிரேமையே இறக்க வேண்டிய வேலை என்றால், உயர்மின்னழுத்த பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்கள் மின்னிறக்கம் பெற சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, 1000 வோல்ட்டுக்குத் தகுதிபெற்ற ரப்பர் கையுறையோடு மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிப்படுத்தி, அதன் பிறகே தொட வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைச் செய்யலாம். சக்கரங்கள் தரையில் உருள வண்டியை இழுத்துச் செல்லவும் கூடாது. நிலைக்காந்த மோட்டார் சுழன்றால் வண்டி அணைந்திருந்தாலும் மின்சாரம் உற்பத்தியாகும். வண்டியை முழுவதும் ஏற்றிச் செல்லும் லாரிதான் சரி.

ஜாக்கி வைக்கும் இடமும் துருப்பிடித்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கதவுகளுக்குக் கீழே ஓடும் 'சில்' என்னும் பகுதியின் விளிம்பு நசுங்கத் தொடங்கினால் உடனே இறக்கிவிடுங்கள். பின்மோட்டாரின் கூட்டிலோ பேட்டரியின் அடித்தகட்டிலோ ஜாக்கியை வைக்கக் கூடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான இடத்தில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் அமர்த்திய பிறகே உள்ளே தலையை நீட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. பட்டறை ஒன்றில் லிஃப்ட் கிடைக்குமானால், ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்தாவது அதைப் பயன்படுத்துவதே மேல்.

ஆய்வு

தேவைப்படுபவை குறைவு: நல்ல வெளிச்சம், கம்பி பிரஷ், உருண்டைத் தலைச் சுத்தியல், பழைய தடித்த ஸ்க்ரூடிரைவர், ஒரு நெம்புகோல், மறைவான இடத்தைப் பார்க்க ஒரு சிறிய முகக்கண்ணாடி, கண்ணுக்குப் பாதுகாப்பு. முதலில் அடியை நீரால் கழுவி உலரவிடுங்கள். சேற்றின் மேல் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

பாடியிலிருந்து தொடங்குவது நல்லது. டிரெய்லிங் ஆர்மின் முன்முனை பாடியோடு சேரும் இடம், சப்ஃபிரேமைப் பாடியோடு இணைக்கும் பெரிய போல்ட்டுகளைச் சுற்றியுள்ள இரும்பு, அவற்றுக்கிடையே ஓடும் நீளவாக்கு ரெயில் ஆகியவற்றை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உறுதியான இரும்பு தெளிவாக ஒலித்துச் சுத்தியலை எகிறச் செய்யும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும், துகள் உதிரும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அது உள்ளே இறங்கினாலோ தகடு குழிந்தாலோ அதற்குமேல் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இதே பகுதியில்தான் பிரேக் பைப்புகளும் எரிபொருள் பைப்புகளும் ஓடும். அவற்றுக்குக் கிட்டத்தில் தட்டாதீர்கள். பிரேக் பைப் உப்பியோ செதிலடித்தோ இருந்தால் அதுவே தனியான அவசர வேலை.

அடுத்து சப்ஃபிரேம். ஆர்ம்கள் வந்து பொருந்தும் 'யு' வடிவ பிராக்கெட்டுகளின் வெல்டிங் ஓரத்தைக் கவனியுங்கள்; அங்கே மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால் அது பெயின்ட்டில் மட்டும் விழுந்த விரிசலா, இரும்பிலேயே விழுந்ததா என்பதை பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அடித்துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறவுங்கள். பழுப்பு நிறச் செதில்கள் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டினால் உட்சுவர் போய்விட்டது.

கீழ் ஆர்மில் ஸ்பிரிங் அமரும் கிண்ணம் சேறு தங்கும் இடம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அந்தச் சேற்றிலேயே கிடப்பதால் அதன் பூச்சு உரிந்து, குழிவிழுந்து, அங்கேதான் ஒடியும். உடைந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே கிடப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. கண்ணாடியை அடியில் நீட்டி, சுற்றின் முனை எங்கே முடிகிறது என்பதை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டோ லிங்க்கும் அதன் சரிசெய்யும் மரையும் அதிகக் கவனம் பெற வேண்டியவை. லாக்நட்டுகளைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருந்தால், துருப்பிடித்தது மட்டுமன்றி உராய்ந்து ஆடவும் செய்கிறது என்று பொருள். அசையாத துரு கருமையாக இறுகிக் கிடக்கும், அசையும் துருவே புதிதாகப் பொடியும். ஒரு கையால் லிங்க்கைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பால்ஜாயிண்ட் உள்ள லிங்க் என்றால் சிறிது சுழல்வது இயல்பு. மேலும் கீழும் தடதடவென்று ஆடுவது இயல்பன்று. நேர்மாறாக, துருப்பிடித்து இறுகி அசையவே மறுக்கும் ஜாயிண்ட்டும் அபாயமானது, ஏனென்றால் வளைய வேண்டிய இடம் வளையாதபோது லிங்க்கின் தண்டு வளைந்து, நாளடைவில் ஒடியும். கேம் போல்ட்டால் (திருப்பினால் சக்கரக் கோணம் மாறும் போல்ட்டால்) சரிசெய்யும் வகையாக இருந்தால், அந்தப் போல்ட் புஷ்ஷின் உட்குழாயோடு ஒட்டிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் வரும் செலவைத் தீர்மானிக்கப் போவது அதுதான்.

ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடத்தைப் பலர் பார்ப்பதில்லை. சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் அது தெரியும். சில வண்டிகளில் டிக்கியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளிருந்து பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் லிங்க்கும் கிளாம்பும் ஒரு பார்வைக்குப் போதும். அவை உடைந்தால் சத்தமும் சாய்வும் கூடுமே தவிரச் சக்கரம் கழன்றுவிடாது.

கடைசியாக நெம்புகோலை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே வைத்து மெல்ல அசையுங்கள். ரப்பர் நெகிழ்ந்து திரும்பினால் நல்லது. போல்ட் துளைக்குள் 'டக்'கென்று நகர்ந்தால் துளையே அகன்றிருக்கலாம்.

கண்டதை வைத்து முடிவெடுத்தல்

மேற்பரப்பில் பழுப்பு படிந்து, தேய்த்தவுடன் அடியில் உறுதியான இரும்பு தெரிந்தால் அதைச் சுத்தம் செய்து காப்புப் பூச்சு கொடுத்தால் போதும். பல ஆண்டு ஓடிய எந்த வண்டியிலும் இது இருக்கும். இதைக் காட்டி யாரேனும் முழு சப்ஃபிரேமையும் மாற்றச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

செதில் செதிலாக உரிகிறது, ஆனால் துளை இல்லை என்னும் இடைநிலைதான் குழப்பமானது. ஆர்ம், லிங்க், ஸ்பிரிங் ஆகியவற்றில் இந்த நிலை வந்துவிட்டால் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. அவை கிடைக்கும் உறுப்புகள். காத்திருப்பதால் போல்ட்டுகள் இன்னும் இறுகுமே தவிர வேறு லாபமில்லை. சப்ஃபிரேமில் இந்த நிலை என்றால், அல்ட்ராசவுண்ட் தடிமன்மானியால் பல இடங்களில் அளந்து, துருப்படாத பகுதியின் தடிமனோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

ஆர்மிலோ, ஆர்ம் பொருந்தும் பிராக்கெட்டிலோ, பாடி ரெயிலிலோ துளையோ விரிசலோ கண்டால் வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். பட்டறைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். திடீர் பிரேக்கின்போதும் வளைவிலும்தான் பின் ஆர்ம் அதிக விசையைத் தாங்குகிறது. அது விடும்போது எச்சரிக்கை கொடுத்துவிட்டு விடுவதில்லை.

பூசி மறைக்கும் எந்த வேலையையும் இங்கே ஏற்கக் கூடாது. பட்டியும் ஃபைபர் பாயும் கதவுத் தகட்டுக்குப் போதலாம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக்குப் போதா. துருவின் மேலேயே தார் போன்ற தடித்த கறுப்புப் பூச்சை அடித்துவிடுவது அதைவிடக் கேடு, ஏனென்றால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அரிப்பும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. விற்பனைக்கு நிற்கும் பழைய எஸ்யூவியின் அடிப்பகுதி புத்தம்புதிய கறுப்பாகப் பளபளத்தால் அதையே முதல் சந்தேகமாகக் கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் ஆர்மை வெல்டிங் செய்து ஒட்டுவதும் கூடாது. பாடி ரெயிலில் வெட்டி ஒட்டும் வேலை முறையானதே. ஆனால் உளுத்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள தகட்டைப் பொருத்தி, உட்புறத்துக்கும் காப்பு கொடுக்கத் தெரிந்தவரே அதைச் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் 12 வோல்ட் பேட்டரியையும் சர்வீஸ் பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். ஆரஞ்சு கேபிள்களையும் எரிபொருள் டேங்கையும் வெப்பத்திலிருந்து விலக்கிப் பாதுகாத்திருக்க வேண்டும்.

ஆர்ம் மாற்றும்போது

வேலையின் பெரும்பகுதி பழைய போல்ட்டோடு நடக்கும் போராட்டம்தான். திட்டமிட்ட நாளுக்குச் சில நாள் முன்பிருந்தே, பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஊடுருவும் எண்ணெயை நட்டின் இரு பக்கமும் திரும்பத் திரும்ப விடுங்கள். புதிய போல்ட், நட்டு, கேம் வாஷர் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பழையவற்றைத் திரும்பப் போடும் எண்ணமே வேண்டாம். கழற்றுமுன் கேமின் தற்போதைய நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அலைன்மெண்ட் மேடை வரை வண்டியை ஓட்டிச் செல்ல அது உதவும்.

போல்ட் அசைந்தால் ஒரேயடியாகத் திருகாமல், கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்த வேண்டும். பாடிக்குள் வெல்டிங் செய்து அடைத்து வைத்த நட்டில் இறங்கும் போல்ட்டுகளுக்கு இந்தப் பொறுமை இருமடங்கு தேவை. அந்த நட்டு உள்ளே பிய்ந்து சுழலத் தொடங்கிவிட்டால், பெட்டியை வெட்டித் திறந்தால்தான் அதை எட்ட முடியும். இண்டக்ஷன் ஹீட்டர் கிடைத்தால் அதுவே சிறந்தது. எரிபொருள் டேங்க்கும் ஆரஞ்சு கேபிளும் இருக்கும் இடத்தில் திறந்த தீச்சுடர் கூடாது. புஷ்ஷின் உட்குழாயோடு போல்ட் ஒட்டிப்போனால் அடித்து எடுக்க முயன்று பிராக்கெட்டை வளைப்பதைவிட, ஆர்மின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுவதே நல்லது. ஆர்மையும் போல்ட்டையும் எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் கீழ் ஆர்மை ஜாக்கியால் தாங்காமல் எந்தப் போல்ட்டையும் உருவக் கூடாது. சுருங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரையே வாங்கும். தாங்கிய ஜாக்கியை மெல்ல இறக்கி, ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்த பிறகு எடுங்கள். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புதிய ஆர்மைப் பொருத்தும்போது போல்ட்டுகளைக் கையிறுக்கத்தோடு விட்டு, வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்துக்கு வந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நின்று, சீக்கிரமே கிழியும். புதிய புஷ் ஓராண்டுக்குள் போய்விட்டது என்று உறுப்பின் தரத்தைக் குறைகூறுபவர்கள் முதலில் இந்த இறுக்கிய முறையைக் கேட்டறிய வேண்டும். இறுக்கத்தின் அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் முடித்து, ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். பின்னாளில் நட்டு நகர்ந்திருந்தால் கோடு பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும். துருத்தடுப்புப் பசையை மேனுவல் அனுமதிக்காத மரையில் தடவாதீர்கள், அது இறுக்கத்தின் அளவையே மாற்றிவிடும். புஷ்ஷுக்குள் செல்லும் மரையில்லாத தண்டில் மெல்லிய பூச்சாகத் தடவலாம்.

துருப்பிரதேசத்தில் ஓடிய வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆர்மை மலிவு என்று வாங்குவது பணத்தையும் உழைப்பையும் ஒருங்கே இழப்பது.

வேலை முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மெண்ட் கட்டாயம். அது முடிந்தபின், லாக்நட்டுகள் உரிய அளவுக்கு இறுக்கப்பட்டனவா என்று கேட்டு, முடிந்தால் நீங்களே டார்க் ரெஞ்சு வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன 2012-ஆம் ஆண்டு ரீகாலின் மூலக்காரணம் இந்த ஒற்றைச் செயல் தவறியதே.

மேலும் அரிக்காமல் காத்தல்

உப்புக் காலத்தில் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும் ஒருமுறை, அடித்துளைகள் வழியே உள்ளிருந்து தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு, நீண்ட குழாய் முனையால் சப்ஃபிரேமின் பெட்டிகளுக்குள் மெழுகுக் காப்பைத் தெளியுங்கள். வெளிப்புறத்துக்கு லானோலின் அல்லது எண்ணெய் வகைக் காப்பை ஆண்டுதோறும் புதுப்பிப்பது, ஒருமுறை அடித்துவிட்டு மறந்துவிடும் கெட்டியான ரப்பர் பூச்சைவிடப் பல மடங்கு மேல். கெட்டிப் பூச்சு வெடித்த இடத்தில் நீர் புகுந்தால் பின் வெளியேறாது.

ஹைப்ரிட் வண்டியில் தெளிப்பானை எங்கே காட்டக் கூடாது என்பதும் முக்கியம்: ஆரஞ்சு கேபிளின் கனெக்டர்கள், பின்மோட்டாரின் காற்றுத்துளை, சக்கர வேக சென்சார்கள், பிரேக் டிஸ்க்குகள். அழுத்த நீரையும் கனெக்டர்கள் மேல் நேராகப் பாய்ச்சக் கூடாது. பின்மோட்டாருக்குச் செல்லும் கேபிளின் கனெக்டரில் உப்புநீர் புகுந்து அரித்த பிரச்சினை 2019-க்குப் பிந்தைய ராவ்4 ஹைப்ரிட் வண்டிகளில் பரவலாகப் பேசப்பட்டது. அந்தக் கேபிளின் விலை ஒரு சோடி சஸ்பென்ஷன் ஆர்மின் விலையைவிடக் கூடுதல். ஆகவே அடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கனெக்டரைச் சுற்றி வெண்மையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருக்கிறதா என்பதையும் தொடாமல் பார்த்துவிடுங்கள். மின்மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடுவதால் ஹைப்ரிட் வண்டியின் பின் டிஸ்க்குகள் துருப்பிடித்து காலிப்பர் பின்கள் இறுகிப்போவதும் வழக்கம். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே அவற்றையும் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது சிறிது நேர வேலைதான்.

இனிப் பணத்தைப் பற்றி. ஆர்ம்களும் லிங்க்குகளும் மட்டும் போயிருந்து பாடி உறுதியாக இருந்தால், பேட்டரி நன்றாக உள்ள பழைய ஹைப்ரிட்டுக்குச் செலவு செய்வது தகும். சப்ஃபிரேமும் மாற்ற வேண்டும் என்றால், பின்மோட்டார் உள்ள வண்டியில் அதை இறக்கி ஏற்றும் கூலியையும் சேர்த்து எழுத்தில் மதிப்பீடு வாங்கிய பிறகு முடிவெடுங்கள். பாடி ரெயிலில் இரு பக்கமும் ஆர்ம் பொருந்தும் இடம் உளுத்திருந்தால் அந்த வண்டிக்குப் புதிய பேட்டரி வாங்காதீர்கள். இருக்கும் பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு உதிரிபாகச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதால், அவற்றின் மதிப்பைக் கேட்டறிந்து, வண்டியை உறுப்புகளுக்காக விற்பதே பெரும்பாலும் இழப்பைக் குறைக்கும் வழி.